இடுக்கில் நின்ற கல்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணா,

நான் இங்கே கல்லும் மண்ணுமாகச் சுகமாக இருக்கிறேன். அண்ணிக்கு முதுகுவலி எப்படி? உன் பெண் பட்டாணிக்கு முன்பல் முளைத்ததா, இல்லை இன்னும் பேச்செல்லாம் காற்றாகத்தான் வருகிறதா? உன் வயிறு? அலுவலகத்து டீயைக் குறைத்துக்கொள்.

கல் கிடைத்துவிட்டது.

போன வாரம் முழுக்க மலையில் சுற்றினேன். இந்தப் பக்கத்து மலைக்கு மினுக்கு எதுவும் கிடையாது. மரம் குறைவு. காற்றும் வெயிலும் பனியும் தின்றுவிட்டு மிச்சம் வைத்த எலும்புதான். குவாரிக்கு மேலே ஓர் இடுக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை. உள்ளே நடந்துபோனால், நடுவில், தலைக்கு மேலே ஒரு கல். எந்தக் காலத்திலோ உச்சியிலிருந்து உருண்டு வந்து, தரைக்கு வர வழியில்லாமல் இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் போய் நின்றேன். பயமாகவும் இருந்தது, அங்கிருந்து நகரவும் மனம் வரவில்லை. உன் நகரசபைப் பூங்காவுக்கு நான் செய்யப்போவது இதுதான் அண்ணா. இரண்டு நெடுங்கல். நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கல். ஜனங்கள் அதன் அடியில் நடந்து போகவேண்டும், ஒரு கணம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், பிறகு சிரிக்க வேண்டும்.

இடுக்கில் இருக்கும் கல்லைத் தொடமாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். சரிவில் கிடந்த வேறொன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு முகம் முழுக்கப் பாசி படர்ந்து சாம்பலும் மஞ்சளுமாக இருக்கிறது. அந்தத் தோலை அப்படியே விட்டுவிடுவேன். மாட்டிக்கொள்கிற இரண்டு கன்னங்களை மட்டும்தான் செதுக்குவேன்.

நேற்று ஒரு வேடிக்கை. சரிவில் குனிந்து நின்றேன். பின்னால் ஒரு துண்டுக் கல் உருண்டு வந்திருக்கிறது. குவாரி மேஸ்திரி வந்து தோளைப் பிடித்து இழுத்துப் போட்டார். "எத்தன தடவதாம்மா கத்துறது?" என்று கோபம் அவருக்கு. காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. பயப்படாதே, ஒரு கீறல்கூட இல்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 4

அன்புள்ள குட்டச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணிக்கு முதுகு பரவாயில்லை, ஆனால் நான் ஏதாவது வேலை சொன்னால் உடனே வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. பட்டாணிக்குப் பாதிப் பல் வந்திருக்கிறது. என் வயிற்றைப் பற்றிக் கேட்காதே.

நகரசபைக் கூட்டத்தில் உன் படத்தை வைத்தேன். தலைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மேல கல்லு தொங்குனா கீழ எவன் போவான்?" என்றார். நம் பொறியாளர் எழுந்து, இரண்டு கன்னத்திலும் துளை போட்டு உருக்குக் கம்பி சொருகிப் பசை வைத்து இறுக்கிவிட்டால் பூகம்பம் வந்தாலும் அசையாது என்று விளக்கினார். தலைவருக்குப் பிடித்துவிட்டது. அதுவும் ஏன் தெரியுமா? அடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்திப் பாடவைத்தால் குரல் நன்றாக எதிரொலிக்குமாம். ஜூன் கடைசியில் திறப்பு விழா. பாடுகிறவர்களில் நம் பட்டாணியும் ஒருத்தி. முன்வரிசை. வீட்டில் இப்போதே காது கிழிகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பூங்காப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளன், சிற்பி என் தங்கை. இதை வைத்து அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் பேச்சு நடக்கிறது. கல் நிற்கிற அன்றைக்கு அந்த வாயெல்லாம் மூடிவிடும். அதனால் உன் மேதாவித்தனத்தை எல்லாம் கல்லிடம் காட்டு, தேதியிடம் காட்டாதே.

வாரத்துக்கு ஒருமுறையாவது கீழே கடைக்கு வந்து போன் பண்ணு. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

எனக்குக் கையில் காப்புக் காய்த்ததைத் தவிர வேறு குறையில்லை. நீ, அண்ணி, பாடகி மூன்று பேரும் நலமென்று நினைக்கிறேன்.

நெடுங்கல் இரண்டும் முடிந்தன. நடுக்கல்லை நேற்றுச் சங்கிலியில் தூக்கிக் கட்டினோம். நீ பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். கல் முழுசாக இருக்கிறதா, உள்ளே விரிசல் ஓடுகிறதா என்று வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்ட வேண்டும். நல்ல கல் மணிபோலப் பேசும். விரிசல் இருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டியது மாதிரி மொத்தென்று இருக்கும். இருபது வருடமாக நான் எந்தக் கல்லை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வது இப்படித்தான்.

தட்டினேன். ஒரு கையைக் கல்லின்மேல் வைத்திருந்தேன். முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. மேஸ்திரி வாயைப் பிளந்துவிட்டார். "அம்மா, இது கல்லா வெண்கலமா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகிவிட்டது.

போன் விஷயம். கீழே கடையில் இருக்கும் போன் ஒரே கரகரப்பு. நீ பேசுவது பாதி விழுவதில்லை. கடிதமே நல்லது. உன் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருந்தாலும் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் லாரி ஏற்றுகிறோம். கிரேன்காரர் நிதானமான ஆளாக இருக்கட்டும்.

உன் தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள குட்டச்சிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வரி எழுதக் கூடாதா? இங்கே எல்லோரும் சுகம். பட்டாணி, "அத்தை ஏன் சொல்லாமப் போனாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கல்லைப் பற்றி ஊரே பேசுகிறது. அடைப்பு வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். நேற்று ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, விழுந்துடுமோன்னு பாக்குறேன், விழ மாட்டேங்குது" என்றார். நீ நினைத்தது அப்படியே நடக்கிறது.

ஆனால் உன்னிடம் எனக்கு வருத்தம் இருக்கிறது. கல்லை நிறுத்திய அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தலைவர் உனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து எத்தனை ஆசையாக விசாரித்தார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் என்னிடம், "உங்க தங்கச்சி பெரிய ஆளு போல, நம்மகிட்டல்லாம் பேச மாட்டாங்க" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று. மறுநாள் காலையில் நீ சுத்தியோடு ஏணியில் ஏறியதைக் காவலாளி பார்த்திருக்கிறான். இறங்கி வந்து வெகுநேரம் புல்லில் உட்கார்ந்திருந்தாயாம். பிறகு நேராகப் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். வேலை முடிந்த ஆள் செய்கிற காரியமா இது? என்மேல் ஏதாவது கோபமென்றால் நேரே சொல்.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

நலம்தானே எல்லோரும்? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன்மேல் கோபமில்லை. தலைவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள். களைப்பு.

ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் சரி. இடப்பக்கம், பசை வைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சத்தம் செத்துவிட்டது. மூன்று இடத்தில் தட்டினேன். மொத்து, மொத்து என்றுதான் வருகிறது. கிரேன் ஒரு தடவை உலுக்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். கல் நெடுங்கல்லின் தோளில் இடித்தது. எல்லோரும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார்கள். நானும்தான் சொன்னேன். அப்போது உள்ளே விரிசல் விட்டிருக்க வேண்டும்.

கல்லை இறக்க வேண்டும் அண்ணா. இறக்கிப் பார்த்த பிறகுதான் விழா. அதுவரை வேலியைப் பிரிக்காதே. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாய் வரவில்லை.

உடனே பதில் போடு.

தங்கை


மே 16

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம், வெறும் வாயால் பதில் சொல்ல வேண்டாமென்று காத்திருந்தேன்.

பொறியாளர் கல்லுக்குள் ஒலியனுப்பிப் பார்க்கிற கருவி ஒன்றை வரவழைத்து இரண்டு நாள் சோதித்தார். ஒன்றுமில்லை என்கிறது. நீ எழுதியதையும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "சார், தொங்குற கல்லு மணி மாதிரி அடிக்கும். ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சா எப்படி அடிக்கும்? டம்ளரக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டுத் தட்டிப் பாருங்க." வீட்டுக்கு வந்து தட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இடப்பக்கத்தில் பசை அதிகம் போயிருக்கிறது, அதனால் அங்கே சத்தம் இன்னும் குறைவாம்.

இறக்குவது என்றால் சும்மா தூக்கி இறக்குவதில்லை. பசை இறுகிவிட்டது. கம்பி வாள் வைத்துக் கல்லை அறுத்துத்தான் எடுக்க முடியும். உன் வாழ்நாளிலேயே நீ செய்த நல்ல வேலையை இரண்டு துண்டாக்கச் சொல்கிறாய். கண்காணிப்பாளன் என்ற முறையில் "ஆபத்து" என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், தங்கைக்கு வேலை கொடுத்துவிட்டு ஊரை ஏமாற்றினான் என்பார்கள். அதைக்கூட விடு. ஆதாரம் என்று எதைக் காட்டுவேன்? "என் தங்கச்சிக்கு அப்படிக் கேட்டுச்சாம்" என்று எழுதவா?

பட்டாணி முன்வரிசையில் நிற்கப்போகிறாள். நேர் அடியில். என் பெண்ணை நான் அங்கே நிறுத்துவேனா, கொஞ்சம் யோசித்துப் பார்.

இதோடு இந்தப் பேச்சை விடு.

அண்ணன்


மே 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நாங்கள் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள். தப்பிருந்தால் சிரிக்காதே.

வீட்டில் உன் பெயரை எடுத்தாலே இவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ வந்திருந்தபோது சமையலறையில் உனக்கு இடப்பக்கம் நின்று, "இன்னும் கொஞ்சம் போடவா, போதுமா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாய். "எதுக்கு ஆமா?" என்றேன். அதற்கும் "ஆமா" என்றாய். பட்டாணி உன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு முழுப் பாட்டையும் பாடிவிட்டு, "அத்தைக்குப் பிடிக்கலையாம்மா?" என்று என்னிடம் வந்து கண்ணைக் கசக்கினாள். நீ வேண்டுமென்று செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போனில் பேசாததற்கும் இதுதானே காரணம்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஒரு கல்லை அறுக்க வேண்டுமா வேண்டாமா என்பது உன் காதைப் பொறுத்து இருக்கிறது. என் பெண் அதன் அடியில் நிற்கப்போகிறாள். அதனால் கேட்கிறேன். உனக்கு நன்றாகக் கேட்கிறதா?

அண்ணி


ஜூன் 6

அண்ணா,

இந்தக் கடிதம் உன் கைக்கு எப்போது வருமோ தெரியாது. மழையில் பாதை அரித்துக்கொண்டு போய்விட்டது. பஸ் நின்றுவிட்டது. தபால்காரர் மட்டும் நடந்து வந்து போகிறார், அதுவும் நினைத்தால்தான். இல்லாவிட்டால் நானே புறப்பட்டு வந்திருப்பேன். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருங்கள்.

எனக்கு இடக் காது கேட்பதில்லை. எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. சுத்திச் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. வலக் காது இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார், பெயர் வைத்தால் வேலை போய்விடும் என்று பயம். காது கேட்காதவளை நம்பி யார் கல்லெடுக்க விடுவார்கள்?

அண்ணிமேல் கோபப்படாதே. அவர்கள் கேட்டதால்தான் இதை எழுதவே துணிந்தேன்.

கல் நன்றாக இருக்கிறது, என் காதுதான் சரியில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். அப்படிச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. பொறியாளர் சொன்ன டம்ளர் விஷயம் எனக்கும் தெரியும். பிடித்த கல் அடிக்காதுதான். ஆனால் பிடித்த கல்லின் சத்தம் வேறு, செத்த கல்லின் சத்தம் வேறு. எனக்குக் கேட்டது எது? சத்தியம் பண்ணிச் சொல் என்றால் என்னால் முடியாது. நான் கேட்டது நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி கல்லை அறுப்பதுதான். அந்தப் பாசி படர்ந்த முகம் இருக்கிறதே, அதைப் போல இன்னொன்று எனக்குக் கிடைக்காது. அது தெரிந்துதான் சொல்கிறேன்.

பட்டாணியை மட்டுமாவது அங்கே நிறுத்தாதே என்று எழுத வந்தேன். எழுதக் கை வரவில்லை. மற்றப் பிள்ளைகள் நிற்கலாமா?

அறுத்துவிடு அண்ணா.

தங்கை


ஜூன் 22

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். பாதை சரியானதா?

கல்லை இறக்கியாயிற்று. பகல் முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே கம்பி வாளால் அறுத்தார்கள். யாருக்கும் அடியில்லை. நெடுங்கல் இரண்டுக்கும் சேதமில்லை. விழா கிடையாது. வேலியைப் பிரித்துவிட்டார்கள்.

பட்டாணிக்குப் பல் முழுக்க வந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது, உன்னைப் போல. அண்ணிக்கு மெத்தையை மாற்றினோம், முதுகு தேவலை. அடுத்த வாரத்திலிருந்து நான் கழிவுநீர்ப் பிரிவுக்குப் போகிறேன். வீட்டிலிருந்து பக்கம். நடந்தே போய்விடலாம்.

காதை உடனே டாக்டரிடம் காட்டு.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமாக இருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம்.

கல்லுக்குள்ளே என்ன இருந்தது என்று கேட்டு நீ இவருக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். இரண்டையும் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் எழுத உட்கார்ந்தால் பேனாவில் மை இல்லை என்கிறார். வீட்டில் இருக்கிற பேனாவையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், எதிலும் மை இல்லையாம். "நீங்க எழுதலேன்னா நான் எழுதுறேன்" என்றேன். சும்மா இருந்தார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

கல்லில் ஒன்றுமில்லை. அறுத்து எடுத்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். பொறியாளர் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காட்டினார். "பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். இவர் உள்ளங்கையை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு இடப்பக்கத்துத் துண்டை இன்னொரு தடவை அறுக்கச் சொன்னார். அதிலும் இல்லை. மயிரளவு கோடுகூட இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைக்கத் துணி கேட்டார். வீட்டுக்கு வந்து, "அவளுக்கு எழுதாத" என்றார். ஏன் என்றேன். "காது போச்சுன்னு அவளே எழுதிட்டா. நல்ல கல்லும் போச்சுன்னு நான் வேற எழுதணுமா?" என்றார்.

அப்புறம் எதற்கு அறுத்தார் என்று உனக்குத் தோன்றும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த பிறகும் அவர் மாறவில்லை. "பொறியாளருக்குத் தெரியாததா?" என்றுதான் இருந்தார். ஒத்திகை நாளன்றைக்குக் காலையில்கூட, "கல்லு நல்லாத்தான் இருக்கு, மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்று எனக்கே தைரியம் சொன்னார்.

சாயங்காலம் ஒத்திகை. நான் மற்ற அம்மாக்களோடு வாசல் பக்கம் நின்றிருந்தேன். பிள்ளைகளை வரிசையாகக் கல்லுக்கு அடியில் நிறுத்தினார்கள். பாட்டு டீச்சர் கையைத் தூக்கினார். அப்போது இவர் மரத்தடியிலிருந்து விறுவிறுவென்று வந்தார். பட்டாணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "என்ன சார்?" என்றார் டீச்சர். "இவளுக்குத் தொண்ட சரியில்ல" என்றார் இவர். பட்டாணி விடுவாளா? "நல்லாத்தாம்பா இருக்கு! நல்லாத்தான் இருக்கு!" என்று கத்தி அழுகை. மற்றப் பிள்ளைகள் பாடினார்கள். இவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்துக்கொண்டே நின்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கையெழுத்துப் போட்டதற்காகக் கொஞ்சமா பேசினார்கள்? பிரிவை மாற்றியதைப் பற்றி அவர் எழுதியிருப்பார். வேடிக்கைபோல எழுதியிருப்பார். அது வேடிக்கை இல்லை.

நெடுங்கல் இரண்டும் நிற்கின்றன. பிள்ளைகள் நடுவே ஓடி விளையாடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரிகிறது.

நீ உடைந்து போய்விடாதே. இவரோடு சண்டையும் போடாதே.

அண்ணி


ஆகஸ்ட் 3

அண்ணா,

எல்லோரும் சுகம்தானே? நானும் சுகமாகத்தான் இருக்கிறேன், சொன்னால் நம்பு.

அண்ணி எழுதிவிட்டார்கள். படித்து முடித்துவிட்டு இடுக்குக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், கத்தினேன். அங்கே கேட்பதற்கு ஆளில்லை, எனக்கும்தான் கேட்காது.

உன்மேல் எனக்குக் கோபம். கல்லை அறுத்ததற்காக இல்லை. எனக்குச் சொல்லாததற்காக. நான் தப்பு என்று எனக்குத் தெரியக் கூடாதா? நான் என்ன பட்டாணியா? உன் பேச்சில்லாத கடிதத்தைப் பார்த்து, உள்ளே பெரிய விரிசல் இருந்தது போலிருக்கிறது, அண்ணனுக்கு அவமானம், அதனால்தான் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு இங்கே இந்த ஒரு மாதமும் தலையை நிமிர்த்தி நடந்தேன். மேஸ்திரியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

பாதை சரியானதும் டாக்டரிடம் போனேன். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கத்தில் கனத்த சத்தம் விழுகிறது, மெல்லிய சத்தம் விழுவதில்லை. கல்லில் மணி மாதிரி வருகிறதே, அதுதான் முதலில் போகுமாம். சங்கிலியில் தொங்கியபோது என் கைக்கு அதிர்வு வந்தது, மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன், காதால் கேட்டதாகவே நினைத்துக்கொண்டேன். ஏணி எப்படி நின்றது என்றும் யோசித்துப் பார்த்தேன். இடப்பக்கம் தட்டும்போது கல்லின் பக்கம் இருந்தது என் இடக் காது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு நல்ல கல், உன் வேலை.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ ஏதாவது கேலி பண்ணுவாய். அதனால் எழுதவில்லை.

பட்டாணியை இழுத்ததற்காக நீ கூசிப்போயிருக்கிறாய் என்று அண்ணியின் கடிதத்தில் தெரிந்தது. கூசாதே. எந்த அப்பனும் அதைத்தான் செய்வான்.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். சரிவில் இன்னும் கல் கிடக்கிறது. நான் வேலையை விடப் போவதில்லை. கல்லைத் தட்டும்போது பக்கத்தில் ஒரு காது வேண்டும். மேஸ்திரி நல்லவர்தான், ஆனால் இப்போது என்னைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கிறது. எந்தக் கல்லைத் தட்டினாலும் "அருமை" என்கிறார். எனக்குப் பாவம் பார்க்காத ஆள் வேண்டும். உனக்கு லீவு நிறைய இருக்கிறது, பதவியும் போய்விட்டது. பஸ் ஏறி வா. நான் தட்டுகிறேன், நீ கேட்டுச் சொல். பொய் மட்டும் சொல்லாதே.

உன் தங்கை


ஆகஸ்ட் 10

அன்புள்ள குட்டச்சிக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நீ அழுதாய் என்று படித்ததும் அண்ணியும் அழுதாள். எனக்குச் சாப்பாடு கிடைக்க வெகுநேரமாகிவிட்டது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கழிவுநீர்ப் பிரிவில் நான் இல்லாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள், அது ஒரு சௌகரியம். சனிக்கிழமை விடிகாலைப் பஸ்ஸில் வருகிறேன். கல்லின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல்லிக்கொடு, எனக்குக் கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன். சொல்லாமல் விட்டது என் தப்பு. இனி இருக்காது.

அந்த வகையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நேரில் வந்தால் சொல்ல மாட்டேன், அதனால் எழுதிவிடுகிறேன். எந்த அப்பனும் அதைத்தான் செய்வான் என்று எழுதியிருந்தாய். அண்ணி வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பட்டாணியை இழுத்துக்கொண்டு திரும்பும்போது அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண், நம் வீட்டுக்கு விளையாட வருவாளே இரட்டைச் சடை, அவள் கல்லை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, நாங்க இங்கயே நிக்கலாமா?" என்று கேட்டாள்.

"நில்லுங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நின்றார்கள். பட்டாணி இருந்த இடம் காலியாகத் தெரிந்தது என்று டீச்சர் அந்தப் பெண்ணை நடுவில் நகர்த்தி வைத்தார். முழுப் பாட்டையும் பாடினார்கள். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

கல் நன்றாகத்தான் இருந்தது. அறுத்த பிறகு தடவிப் பார்த்தேன், கை வழுக்கிக்கொண்டு போனது. அப்பாடா என்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பாட்டு நடந்தபோது எனக்கு அது தெரியாதே.

மேலே குளிருமா? போர்வை நான் கொண்டுவர வேண்டுமா, அங்கே இருக்கிறதா? பஸ் நிற்கிற இடத்துக்கு நீ வரவேண்டாம். வழி கேட்டு நானே வந்துவிடுகிறேன்.

அண்ணன்